எச்சில் மட்டும்

மூன்று டப்பா கொடுத்தாயிற்று.
மூன்றிலும் ஒரே குறிப்பு:
எச்சில் மட்டும். சளி இல்லை.
நோய் இல்லை என்று
எவரும் எழுதவில்லை.
வீட்டில் அப்படித்தான் வாசித்தார்கள்.

எக்ஸ்ரேயில் வலது மேல்பக்கம் ஒரு கலங்கல்,
துடைத்த கண்ணாடியில்
யாரோ விரல் வைத்ததுபோல.
பழைய நிமோனியாவின் வடு என்றார் ஒருவர்.
ரயில்வே தூசி என்றார் இன்னொருவர்.
சாயங்காலக் காய்ச்சலுக்கு
என் கணவர் ஒரு காரணம் வைத்திருந்தார்:
நான் சரியாகச் சாப்பிடுவதில்லை.

எனக்குச் சளி வராது, டாக்டர்.
பதினோரு வருஷம்
வடாலா ரோடு, மூன்றாம் கவுண்ட்டர்.
மைக்கில் இருமினால்
வரிசையே ஓரடி பின்வாங்கும்.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
பன்வேலா கோரேகாவா என்று கேட்கத் தெரியும்.
அதற்கு முன்பும் தெரியும்.
பெண் பார்க்க வந்த அன்று
அம்மா என் உள்ளங்கையில்
ஒரு கிராம்பைத் திணித்தாள்,
இருமித் தொலைக்காதே என்று.

டாக்டர் ஷிரோட்கர் எழுதுவதை நிறுத்தினார்.
மேலே வராவிட்டால்
நாங்கள் கீழே போகிறோம் என்றார்.

இரவு பத்துக்குமேல் தண்ணீர்கூட இல்லை.
காலையில் கசப்பாக ஒரு ஜெல்.
தொண்டையில் நிறுத்து, விழுங்காதே என்றார்கள்.
அந்தச் சொல்லை என்னிடம்
முதன்முதலாக யாரோ சொல்கிறார்கள்.
நாக்கு வேறு யாருடையதோ ஆனது.
பிறகு மூக்கு வழியே
பென்சில் கனத்தில் கருப்பாக ஒன்று
விளக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியது.

மூழ்குகிறேன் மூழ்குகிறேன் என்று கையாட்டினேன்.
தோளைப் பிடித்திருந்த தானாஜி
ஜாலா தாயி, ஜாலா என்றான்.
முடியவில்லை. அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

ஓரக்கண்ணில் திரை தெரிந்தது.
ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம்,
வளையம் வளையமாக.
திடீரென்று அது இரண்டாகப் பிரிந்தது.
எனக்குத் தெரிந்த இடம்:
வடாலா தாண்டியதும்
தண்டவாளம் பிரியுமே, அது.
வண்டி வலப்பக்கம் திரும்பியது.
மேலே மூன்று வாசல்.
அதில் ஒன்று சிவந்து, வீங்கி,
ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

அங்கே உப்புநீரை விட்டார்கள்.
உறிஞ்சினார்கள். மறுபடி விட்டார்கள்.
பாதி திரும்பி வந்தது,
அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில், நுரையோடு.
மீதி எனக்கே.

பாட்டிலில் ஒட்டிய பெயர்
எஸ்தர் பொன்மாலா, 34, பெண்.
பொன்மலர் என்று திருத்தக் குரல் இல்லை.

சாயங்காலம் ஃபோன் வந்தது.
அந்த நீரிலும் மெஷின் எதையும் காணவில்லை.
என் கணவர் சந்தோஷப்பட்டார்.
டாக்டர் இன்னும் லைனில் இருந்தார்:
குழாய் உள்ளே கிளறிவிட்டிருக்கிறது,
விடியற்காலை இருமல் வரும்.
புது டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

நாலரைக்கு வந்தது.
அன்டாப் ஹில் முழுக்கத் தூங்குகிற நேரம்.
வாயைப் பொத்திக்கொண்டு
மொட்டை மாடிக்கு ஓடினேன்.
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆண்டெனாவுக்கும் நடுவில் குனிந்து
கையை எடுத்தேன்.

அடிவயிற்றிலிருந்து. வாய் பிளந்து.
புறாக்கள் எழும்பின.
எதிர்க் கட்டிடத்தில் ஒரு ஜன்னல் விளக்கு எரிந்தது.
எரியட்டும்.
இன்னொன்றும் எரிந்தது.

டப்பாவின் அடியில்
மஞ்சளாக, கெட்டியாக,
ரத்தம் ஒரு நூல் ஓடி,
என்னுடையது.
மூடியை இரண்டு முறை திருகினேன்.

அதில் இருந்தது.
மிகக் குறைவு என்று போட்டிருந்தார்கள்,
ஆனாலும் இருந்தது.
மருந்துக்குக் கட்டுப்படும் வகை. ஆறு மாசம்.

முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சாகப் போனது.
பயந்துபோய்க் கேட்டேன்.
மாத்திரை வேலை செய்கிற நிறம்தான் என்றாள் நர்ஸ்.

என் கணவர் காகிதத்தை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
அப்போ இத்தனை நாள்
இது எங்கே இருந்தது?

சொல்ல வாயெடுத்தேன்.
இருமல் முந்திக்கொண்டது.